நாமும் ஒரு படகு வாங்கினோம்

தீவிலே பிறந்தவர் என்றால் நீந்தத் தெரியும், தோணி வலிக்கத் தெரியும், காற்றின் குணமும் தெரியும் என்று பலர் எண்ணுகின்றனர். எம்மைப் பொறுத்தவரை முதலாவது அரைகுறை. மற்றைய இரண்டும் வெறும் சூனியம். அனலைதீவிற் பிறந்தோம் என்பது உண்மையே. ஆயினும் பத்து வயதிலே படிப்புக்காக யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்துவிட்டமையாற் கடலைப் பயணிகள் படகின் இருக்கையிலிருந்து பார்த்தோமேயன்றி அதனோடு பழகவில்லை. பின்னர் பௌதிகவியல் கற்றுப் பட்டம் பெற்றுக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தோம். அலைகளைப் பற்றிக் கரும்பலகையில் எழுதுவதற்குக் கடலிலே நனைய வேண்டியதில்லையல்லவா?

இத்தகைய எமக்கு நாற்பத்து மூன்றாம் வயதிலே படகு வாங்கும் ஆசை பிறந்தமைக்குக் காரணம் எம் அன்னையார். தந்தையார் காலஞ்சென்று ஆறு ஆண்டுகளாகியும் அவர் தீவை விட்டு வர மறுக்கின்றார். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகு புறப்படும் நேரமும் எமது கல்லூரி நேரமும் ஒருபோதும் ஒத்துவருவதில்லை. ஆகவே, சென்ற ஆண்டு தை மாதத்திலே, 18 அடி நீளமான பைபர் படகொன்றையும் 15 குதிரைவலு இயந்திரமொன்றையும் ஒருவர் பாவித்த நிலையில் வாங்கினோம். செய்தியைக் கேட்ட எம் இல்லாள், “சைக்கிளுக்குக் காற்றடிக்கவே ஆள் தேடுற நீங்கள் கடலிலே என்ன செய்யப் போறியள்?” என்று ஒரு வினாவை மாத்திரம் எழுப்பினார். விடை சொல்ல எமக்கு ஆறு மாதங்கள் சென்றன.

பங்குனி மாதம் கடல் எம்மைப் போன்றவர்களை ஏமாற்றுவதற்கென்றே அமைந்த மாதம். வாடை ஓய்ந்துவிடும், சோளகம் இன்னும் எழுந்திராது. நீர்ப்பரப்பு எண்ணெய் வார்த்தாற் போலக் கிடக்கும். அந்நாட்களில் மூன்று முறை சென்று வந்தோம். ஒரு குறையும் நேரவில்லை. மூன்றாம் பயணத்தின் முடிவிலே எமது தலை சற்றுக் கனக்கத் தொடங்கியது.

நான்காம் பயணத்திலே பன்னிரண்டு வயது மகனையும் ஏற்றிச் சென்றோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையைக் காட்டி, போர்த்துக்கேயர் கட்டியதையும், 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியதையும், இலங்கையின் வடிவத்தைப் பன்றித்தொடைக்கு ஒப்பிட்டு அதன் குதி என்னும் பொருளில் ஹமென்ஹீல் என்று பெயரிட்டதையும் சொல்லிக்கொண்டே சென்றோம். கோட்டையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் இயந்திரம் இருமுறை விக்கியது, பின்னர் நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தோம். இருபது முறை, முப்பது முறை இழுத்தோம். மெல்லிய கரைக்காற்றுப் படகை மேற்கே, பாக்குநீரிணையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. மகன்தான் கவனித்தான். “அப்பா, நாங்கள் இந்தியாவுக்கோ போறம்?” என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டானென்றே முதலில் எண்ணினோம். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தபோது, அது விளையாட்டன்று என்பது புரிந்தது. அக்கணத்திலே எமக்குண்டான அச்சத்தை இங்கு எழுதுவதற்கு வெட்கப்படவில்லை. கையும் காலும் எம் வசத்தில் இல்லை.

நல்வினைப் பயனாக முதியவரொருவரின் வள்ளம் அவ்வழியே வந்தது. எமது படகில் ஏறியவர், இயந்திரத்தைத் தொடவேயில்லை. எரிபொருட் கலத்தின் மூடியிலிருந்த சிறு திருகைத் தளர்த்தினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகுந்தது. “காற்றுப் போக வழியில்லாமல் எண்ணெய் எப்பிடி மாஸ்டர் வரும்?” என்றார். ரின்பால் பேணியில் ஒரு துளையிட்டாற் பால் வராது, இரண்டாந் துளையும் இட வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு வளியமுக்கம் கற்பித்து வருபவர் நாம்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதனினும் தெளிவாக எவரும் நிறுவியிருக்க முடியாது.

ஆனால் முதியவர் எம்மைக் கண்டித்தது வேறொன்றுக்காக. “எஞ்சின் நிண்டது பெரிய காரியமில்லை மாஸ்டர். நங்கூரம் போடாமல் நிண்டதுதான் பிழை. முதலிலே நங்கூரம், பிறகுதான் எஞ்சின்.”

அன்று தொடக்கம் ஆறு வாரங்கள், சனிதோறும் காலையில் அவரிடம் மாணாக்கராயினோம். அவர் பணம் வாங்க மறுத்தார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவருடைய பேத்தியாருக்கு நாம் பௌதிகவியல் கற்பிப்பதென்று உடன்பாடாயிற்று.

முதற் பாடம், படகை ஓட்டுவதன்று, நிறுத்துவது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, நங்கூரத்தை இறக்கச் செய்வார். ஆழத்தைப் பாகக்கணக்கிலே அளந்து, அதைப் போல ஐந்து மடங்கு, காற்றிருந்தால் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். குறைந்தால் நங்கூரம் நிலத்தைப் பற்றாது இழுபடும். கயிறு சாய்வாகக் கிடந்தாற்றான் நங்கூரத்தின் பல் மண்ணிலே புதையும் என்ற காரணத்தை நாம் விளக்கினோம். அவர், “ஓமோம்” என்று சொல்லி மறுபடியும் போடச் சொன்னார். பின்னர் மரக்கோல் ஊன்றியும் துடுப்பு வலித்தும் கரை சேரச் செய்தார்.

இரண்டாவது, நீரைப் படிப்பது. வெளிறிய நீர் மணற்றிடர். கருமை படர்ந்த இடம் சாதாழை. இயந்திரத்தின் பின்னே குளிர்நீர் மெல்லிய தாரையாக வெளியேறும். அத்தாரை மெலிந்தால் சாதாழை துவாரத்தை அடைத்துவிட்டதென்று அறிந்து உடனே நிறுத்த வேண்டும். சிறகுவலைத் தடிகளைக் கண்டால் எட்ட விலக வேண்டும். “தடி எங்கடை வயிறு மாஸ்டர்” என்றார். ஆழமறியாமற் காலை விடாதே என்ற பழமொழியை நாம் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கின்றோம். ஒரு தடவையேனும் ஆழத்தை அளந்ததில்லை.

கரை சேர்வதே எல்லாவற்றிலும் கடினமானது. காற்றை முகத்திலே வாங்கிக்கொண்டு மெல்ல அணைய வேண்டும். முதுகிலே வாங்கினால் இறங்குதுறை எம்மை நோக்கி ஓடி வரும். இருமுறை ஓடி வந்தது. இரண்டாம் முறை மோதியபோது, அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த எமது வகுப்பு மாணவர் இருவர் மரியாதையாக எழுந்து நின்று, “வணக்கம் சேர்” என்றனர்.

எம் பங்குக்கு நாமும் ஒரு குறிப்பேடு வைத்தோம். எரிபொருளை மூன்றாகப் பிரித்தோம்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அழையாத விருந்தாளிக்கு ஒரு பங்கு. 1805ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் போபோட் என்னும் ஆங்கிலக் கடற்படையினர் வகுத்த காற்றளவையை முதற்பக்கத்தில் ஒட்டினோம். அதன் 4ஆம் படியிலே, மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர் வரையான காற்றில், வெண்ணுரை அலைகள் அடிக்கடி தோன்றும். அதுவே எமது எல்லை என்று சிவப்பு மையாற் கோடிட்டோம். உயிர்காப்பு அங்கியும், ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கைக்கயிறும் இன்றிப் புறப்படுவதில்லை என்பது மற்றொரு விதி. இந்த ஒரு பாடத்தை மாத்திரம் நாம் முதியவருக்குக் கற்பித்தோம். அவர் இன்னும் சித்தியடையவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. தந்தையை இழந்தோர் விரதமிருக்கும் அந்நாளில், தந்தையார் மறைந்த பின்னர் நாம் அன்னையாரின் வீட்டுக்குப் போகாது விட்டதில்லை. காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு இலை போட்டு அவர் காத்திருப்பார். பயணிகள் படகிலே செல்லலாமென்று இல்லாள் சொன்னார். சொந்தப் படகிருக்கப் பிறர் படகு எதற்கென்று நாம் மறுத்தோம். அப்படகும் முன்னரே போய்விட்டது. முதியவர் துறையிலே இல்லை, கேட்பதற்கு எவருமில்லை.

மகனுடன் புறப்பட்டோம். கோட்டையின் மறைவு வரை நீர் அமைதியாயிருந்தது. அதைக் கடந்ததும் சோளகம் முகத்திலே அறைந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்ணுரை. அமாவாசை நீரோட்டம் காற்றை எதிர்த்து ஓடியமையால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்தன. வேகத்தைக் குறைத்து, அலையை அணியத்திலே சற்றுச் சாய்வாக வாங்கினோம். படகு தாங்கியது, நாமும் தாங்கினோம். போயிருக்கலாம் என்றே இன்றும் எண்ணுகின்றோம். ஆனால் எதிரலையிலே எரிபொருள் இருமடங்கு செலவாகிக்கொண்டிருந்தது. மாலையிலே திரும்ப வேண்டும். காற்று அப்போது இன்னும் வலுக்கும். அழையாத விருந்தாளியின் பங்கில் நாம் கைவைத்துக்கொண்டிருந்தோம். சிவப்புக் கோட்டை நினைத்தோம். எதிரே அமர்ந்திருந்த மகனைப் பார்த்தோம். இரு பேரலைகளுக்கு இடையே சற்றுச் சமனான நீர் வருமளவும் பொறுத்திருந்து, படகைத் திருப்பினோம். அச்சம் இருந்தது. ஆயினும் கை நடுங்கவில்லை.

துறையிலே அமர்ந்து அன்னையாருடன் தொலைபேசியிற் பேசினோம். வர முடியவில்லை என்று சொல்ல நா எழவில்லை. சற்று நேரம் மௌனமாயிருந்தவர், “கொப்பருக்கு இலை போட்டாச்சு. உனக்கும் எள்ளுந் தண்ணியும் இறைக்கிற நாள் எனக்கு வர வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டை போ” என்றார்.

நம்பிக்கை என்பது எந்தக் கடலையும் கடந்துவிடலாம் என்னும் துணிவென்றே பங்குனியில் எண்ணியிருந்தோம். எது நேர்ந்தால் எதை முதலிற் செய்ய வேண்டுமென்று கைகள் அறிந்திருப்பதும், எந்த இடத்திலே திரும்ப வேண்டுமென்று மனம் அறிந்திருப்பதுமே நம்பிக்கை என்று ஆடியிலே கற்றோம்.

அடுத்த சனியன்று முதியவரிடம் நடந்ததைக் கூறினோம். பாராட்டுவார் என்ற சிறு ஆசை எமக்கு இருந்தது. அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே, “அண்டைக்கு நானும் போகேல்லை மாஸ்டர்” என்றார்.

இரண்டு வாரங் கழித்துக் காற்றுத் தணிந்த ஒரு காலையிலே அனலைதீவுக்குச் சென்றோம். அன்னையார் காத்தோட்டிக்காயைப் பிளந்து வெயிலிலே காயவைத்து, ஒரு பேணியில் எமக்காக எடுத்து வைத்திருந்தார்.