மிஷின் நிற்கும் நேரம்

கீழ்ப் போர்ஷனில் தையல் மிஷின் ஓடுகிறது. காலை பத்தரை மணி. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து அச்சுப்படி திருத்தும் எனக்கு அந்தச் சத்தம் பல வருஷப் பழக்கம். நீளத் தையல் என்றால் சீராக ஓடும். கழுத்து, கைவளைவு என்றால் விட்டுவிட்டு ஓடும். கொஞ்ச நாளாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நடுத்தையலில் சட்டென்று நிற்கிறது. ஸ்டூல் நகரும் சத்தம், பிறகு தாழ்ப்பாள் சத்தம். நாய்க்குட்டி தரையை மோந்துகொண்டு வட்டமடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

புரசைவாக்கத்தில் இந்த மாதிரி ஒண்டுக்குடித்தன வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. ஐந்து குடும்பம், ஒரு முற்றம், ஒரு கைப்பம்பு. முற்றத்தின் மூலையில், தொட்டி கட்டியபோது மிஞ்சிய மணல் குவியல். நடையில் ஒரு நாய்க்குட்டி ஈரம் பண்ணினால் ஐந்து வீட்டுக்கும் அது வழக்கு. அதனால் கீழ்ப் போர்ஷன் தையல்கார அக்காவுக்கு நிதானமாகப் பழக்க நேரமில்லை. ஆனாலும் நிதானமாகத்தான் பழக்குகிறார்.

குட்டியைக் கொண்டுவந்தது கல்லூரி போகும் அவர் மகன். மழை ராத்திரியில் பைக்குள் வைத்து எடுத்து வந்தான். கறுப்பு, இரண்டு மாதம் இருக்கும். அது வந்த நான்காம் நாள் செவலை படுத்துவிட்டது. எட்டு வருஷமாக அந்த வாசற்படியில் வளர்ந்த பெண் நாய் அது. சோற்றைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தது. "வெயிலுக்குத்தான்" என்றார்கள் பக்கத்துப் போர்ஷன்காரர்கள். அக்கா வாலைத் தூக்கிப் பார்த்தார். உடனே ஆட்டோ வந்தது.

வேப்பேரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்றும் மாட்டாஸ்பத்திரிதான். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தது. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். செவலை திரும்பி வந்தபோது ஆட்டோவிலிருந்து அக்கா அதை இறக்கிய விதத்தை நான் பார்த்தேன். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைக்குப் பின்னால். வயிற்றில் விரல் படவில்லை. அதற்குள் வாசலின் இரண்டு படிகள் மேல் பலகை போட்டு, வழுக்காமல் இருக்கச் சாக்கு சுற்றி வைத்திருந்தான் மகன்.

கழுத்தில் பிளாஸ்டிக் கோன் மாட்டி அனுப்பியிருந்தார்கள். அது கதவில் இடித்தது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. செவலை சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. அன்று ராத்திரி மிஷின் அரைமணி நேரம் ஓடியது. காலையில் செவலை ஒரு பழைய பனியனில் நின்றிருந்தது. நான்கு காலுக்கும் அளவாகத் துளை, ஓரம் மடித்த தையல், முதுகில் நாடா முடிச்சு. ஒண்ணுக்குப் போகும்போது பின் முடிச்சை அவிழ்த்துச் சுருட்டிவிடுவார். முடிந்ததும் திரும்பக் கட்டுவார். கட்டுவதற்கு முன் குனிந்து தையலைப் பார்ப்பார். சிவப்பு உண்டா, கசிவு உண்டா, வீக்கம் உண்டா என்று தினம் மூன்று முறை. ரவிக்கையின் உள்தையலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே கண்.

குட்டி ஒரு பாவாடை நாடாவில் மிஷின் காலோடு கட்டப்பட்டிருந்தது. அறையின் அந்தப் பக்கம், சாய்த்து வைத்த கயிற்றுக்கட்டிலுக்குப் பின்னால் செவலை. குட்டி துள்ளி அதன் வயிற்றில் விழுந்தால் தையல் பிரிந்துவிடும். கட்டி வைத்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. குட்டி கண் பார்வையை விட்டுப் போக முடியாது. தூங்கி எழுந்தால் மணல் மூலை. சாப்பிட்டுக் கால்மணி நேரத்தில் மணல் மூலை. விளையாடி முடித்தால் மணல் மூலை. இடையிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதன் வயதுக்கு அதற்கு மேல் அடக்க வராது. தடுப்பூசி முடியாததால் தெருவுக்குக் கொண்டுபோவதில்லை.

மணலில் இறக்கிவிட்டுப் பேசாமல் நிற்கிறார். அது போய் முடித்த அந்த நொடியிலேயே "என் ராசா" என்று ஒரு சொல், ஒரு விரல்நுனி இட்லி. உள்ளே வந்த பிறகு கொஞ்சுவதில்லை. எதற்காகக் கொஞ்சினார்கள் என்று அதற்குப் புரியாமல் போய்விடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாம் நாள் குட்டி நடையில் போய்விட்டது. எதிர்ப் போர்ஷன் பெரியவர் எழுந்து வந்தார். "மூக்கைப் புடிச்சு அதுலயே தேய்ச்சு ரெண்டு வையும்மா. அப்பத்தான் புத்தி வரும்."

"எதுக்கு அடி வாங்குறோம்னு அதுக்குத் தெரியாதுப்பா. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த வார்த்தைக்காக அக்காவை எனக்குப் பிடிக்கிறது. அடி வாங்கிய குட்டி சுத்தம் கற்றுக்கொள்வதில்லை. ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறது. சிறுவயதில் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒன்றைப் பழக்கினார்கள். அது கடைசிவரை கட்டிலுக்கு அடியில்தான் போனது.

முதலில் அந்த இடத்தை ஃபினாயில் போட்டுத் துடைத்தார். மறுநாளும் அதே இடத்தில் ஈரம். பழைய வாடை போகவில்லை போலிருக்கிறது. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, மேலே வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தார். துடைத்த பேப்பரில் ஒரு துண்டை மட்டும் எறியாமல் மணல் மூலையில் போட்டு வைத்தார். வாடைக்கு அங்கேதான் வேலை.

ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணி. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முற்றத்தில் விளக்கு எரிந்தது. அக்கா கூந்தல் அவிழ்ந்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். செவலை பலகையில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியது. மணலில் சிறிது நின்று, பிறகு தாழ்ந்து போனது. ஆபரேஷனுக்கு முன்னால் போல ஓயாமல் இல்லை, ஒரே தடவைதான். குட்டி நாடாவை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது. அந்த ஈரத்தை மோந்தது. அதன் மேலேயே தானும் உட்கார்ந்தது. யாரும் சொல்லவில்லை. அக்கா இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லைச் சொன்னார். செவலையின் வால் பனியனுக்கு வெளியே மெதுவாக ஆடியது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வால் ஆடி அன்றுதான் பார்த்தேன்.

சந்தோஷத்தில் குட்டி பனியன் நாடாவைக் கடித்து இழுத்தது. செவலை உறுமியது. அக்கா செவலையை அதட்டவில்லை. குட்டியைத்தான் தூக்கிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்துவிட்டு வந்தார்கள். காயம் ஒரு மெல்லிய கோடாக இருக்கிறது என்று மகன் யாரிடமோ போனில் சொன்னான். இன்று கொடியில் வாடிக்கைக்காரர் ரவிக்கைகளுக்கு நடுவே அந்தப் பனியன் துவைத்துக் காய்கிறது. காலையிலிருந்து மிஷின் ஒருமுறைதான் நடுவில் நின்றது. கயிற்றுக்கட்டில் பழையபடி தரையில் கிடக்கிறது. குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

பெண் நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் அது சோற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால், வெயில் என்று விட்டுவிடாதீர்கள். சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவது இன்னும் ஆபத்து. அதனால் வாலடியில் ஈரம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.