காடியடுப்பு வெட்டும் கை

2025 மே மாதம் ‘ஓப்ஸ் காசாக்’ சோதனை தொடங்கியபோது ஜொகூர் பாரு உணவுக்கடைகளில் கேஸ் பேச்சுதான். வீட்டுக்கு 26 ரிங்கிட் 60 சென்னுக்குக் கிடைத்த மானிய சிலிண்டரைக் கடையில் வைத்தால் குற்றம் என்றார்கள், வணிக சிலிண்டரோ அப்போது 70 ரிங்கிட் பக்கம். எதிர்ப்பு கிளம்பியதும் சிறு வியாபாரிகளுக்கு விலக்கு தருவதாக அரசு சொன்னது. அந்தச் சமயத்தில்தான் நண்பர் கேட்டார்: “கேஸே இல்லாம, மண்ணைத் தோண்டி ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுற ஆளு ஒருத்தர் இருக்காரு. பார்க்க வர்றீங்களா?”

உலு திராம் பக்கம், செம்பனைக்கு நடுவே ஒரு முனியாண்டி கோயில். மறுநாள் கிடா வெட்டுப் பூசை. சாயங்காலமே நண்பர் சொன்ன பெரியவர் சங்குலோடு நின்றார். நம் மண்வெட்டிதான். தகடு தேய்ந்து கையகலம் குறைந்திருந்தது, பிடியில் இரண்டு வெட்டுக் குறிகள். பெரிய அண்டாவுக்கு மேல் குறி, சின்னதுக்குக் கீழ்க் குறி. அவருடைய அளவுகோல் அவ்வளவுதான்.

முதலில் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றுப் பார்த்தார். காற்று வரும் பக்கம் காடியடுப்பின் வாய். அங்கிருந்து நீளவாக்கில் முழங்கால் ஆழத்துக்கு வெட்டினார். அகலம் அண்டாவின் அடியைவிட ஒரு சாண் குறைவு, அதனால் அண்டா இரு கரையிலும் உட்காரும். அடித்தளம் போகப் போக மேலேறி, மறுகோடியில் புகை போகும் துளையில் முடியும். வாயில் மூட்டும் தீ மேலே வரிசையாக வைக்கும் மூன்று அண்டாவுக்கும் ஓடுவது அந்த ஏற்றத்தால். பிறகு கடப்பாரையால் பக்கவாட்டில் சாய்வாக ஒரு துளை குத்தி, அதைக் குழியின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அமெரிக்காவில் முகாம் போடுகிறவர்கள் தோண்டும் ‘டக்கோட்டா குழி’யின் சூட்சுமமும் இதுவே: ஒரு துளையில் தீ, மறு துளைவழி அடிக்காற்று, புகை குறைவு, விறகு மிச்சம். பெரியவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. தோட்டத்துக் கல்யாணங்களில் தாய்மாமன் காட்டிக்கொடுத்த வேலை என்றார்.

“எங்க கூப்பிட்டாலும் வெட்டுவீங்களா மாமா?”

“பொந்தியான் பக்கம் காம்புட் மண்ணுல வெட்டவே மாட்டேன் தம்பி. மேல அணைச்சாலும் உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே போகும். அங்கெல்லாம் செங்கல் அடுக்கித்தான்.”

மக்கிய தாவரத்தால் ஆன மண் அது. வறட்சியில் பற்றினால் நாள்கணக்கில் நிலத்தடியில் எரியும். அதற்கென்று யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை.

ஜொகூருக்குப் பேரடுப்பு புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஆற்றங்கரைதோறும் சீனர்கள் காம்பியர் இலையைக் கொப்பரைகளில் காய்ச்சினார்கள். சுற்றுக் காடு விறகாகித் தீர்ந்ததும் இடம் மாறினார்கள். ஆற்றங்கரைத் தலைவர்கள் நடத்திய அந்தக் கங்சு முறை 1917இல் ஒழிந்தது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது, ரப்பரோடு நம்மவர்களும். பெரியவர் ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புக்குப் போனது. இப்போது அடுக்குமாடியில், தோண்ட ஒரு சாண் மண் இல்லாத நான்காம் மாடியில் இருக்கிறார். பால்மரக் கட்டைக்கு ஈடான விறகு இல்லை என்பார். அந்தக் கட்டை இன்று மூவார் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கிடைக்கும் துண்டுகளைப் பொறுக்குகிறார், சாயம் பூசியதைத் தொடமாட்டார்.

விடியுமுன் தீ ஏறியது. மசாலாக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன். சோற்று அண்டா பொங்கியதும் எரியும் கட்டையை உருவி அடுத்த அண்டாவுக்குத் தள்ளி, வெறும் கங்கில் சோற்றைத் தம் போட்டார். முழங்கைவரை பழைய தீத்தழும்புகள்.

கூலியைக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. தலைக்கு இவ்வளவு என்று கோயிலில் பேசி முன்பணம் வாங்குகிறவர் ஒரு குத்தகைக்காரர். கடைசியில் நிற்கும் தொகை பெரியவருக்கு. அதிலிருந்துதான் இரண்டு எடுபிடிகளுக்கும் அவர் கொடுக்க வேண்டும். மழை பெய்து குழி நிறைந்தால் மறுகுழி வெட்டுவதற்குக் காசில்லை. தீ சுட்டால் மருந்துச் செலவு சொந்தக் கையில். நெருப்பருகே ஒரு நிமிடம்கூட நிற்காதவனுக்கு லாபம், நிற்கிறவருக்கு மிச்சம் மீதி. இது திருட்டு, வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. ஜொகூர் பாரு ஜாலான் டோபியில் 1937 முதல் விறகில் ரொட்டி சுடும் சலாஹுதீன் பேக்கரியைத் தேடிப் போகிற ஊர் இது. விறகுத் தீயின் அருமை தெரிந்த ஊருக்கு இந்தக் கை மட்டும் கண்ணில் படவில்லை.

கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வளாகம் முழுக்க சிமெண்ட் பூசாதீர்கள், அடுப்பு வெட்ட ஒரு துண்டு மண்ணை விடுங்கள். சமையல்காரரை நேரில் அழைத்துப் பேசி, காசை அவர் கையில் கொடுங்கள். சுயதொழில் செய்வோருக்கான பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவன) காப்புறுதி 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, 2020 முதல் உணவுத் தொழிலுக்கும் உண்டு. அடுத்த பூசைக்கு முன் அவர் பெயரை அதில் பதிந்து, சந்தாவைக் கோயில் கணக்கில் கட்டுங்கள்.