பெருக்க மரம் எந்தக் கப்பலில் வந்தது?

கப்பலில் வந்த சரக்கு என்றால் ஏறிய துறை எது, இறங்கிய துறை எது, கப்பல் யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். வள்ளூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்குள்ள அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரிக்கு ஒடிசாவின் பாராதீப்பிலிருந்து எண்ணூர் வரை கணக்கு உண்டு. பொந்தன்புளி, யானைப்புளி என்றும் சொல்லப்படும் பெருக்க மரத்துக்கு மட்டும் அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. 'அராபிய வணிகர்கள் ஒட்டகத் தீனிக்காகக் கொண்டுவந்தார்கள்' என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்னை இந்தத் தேடலில் இறக்கியது அந்த வரிதான். பருவக்காற்றில் வந்து பருவக்காற்றில் திரும்புகிற வணிகன், விதை ஊன்றி, அது மரமாகித் தழை தரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கால்நடைக்குத் தழை வேண்டுமென்றால் கரையிலேயே வேலும் வாகையும் இருந்தனவே. ஆப்பிரிக்க மரம் இங்கே வேரூன்றியதற்கு இதைவிட வலுவான காரணம் இருந்திருக்க வேண்டும்.

தேடத் தொடங்கிய எவரும் முதலில் போய் முட்டுவது இலங்கையின் மன்னாரில்தான். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் சுற்றளவு சுமார் 19.5 மீட்டர். 1477ஆம் ஆண்டு நடப்பட்டது என்று சொல்லப்படுகிறது. நான் வெகுநாள் சிக்கிக் கிடந்தது இந்த ஆண்டில்தான். 'ஐந்நூறு ஆண்டு இருக்கும்' என்று சொல்லியிருந்தால் கடந்துபோயிருப்பேன். 1477 என்று அடித்துச் சொல்லும்போது அதன் பின்னால் ஒரு கல்வெட்டோ கப்பல் குறிப்போ இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் அந்த எண்ணை எடுத்தாள்பவர்கள் எவரும் சான்று எதையும் காட்டுவதில்லை. மரத்தையே கேட்கலாம் என்றால் அதுவும் எளிதில் சொல்லாது. தேக்கைப் போல வளையம் எண்ண முடியாது. நீர் கோத்த பஞ்சுபோன்ற கட்டை, நடுவில் பொந்து, பக்கத்துத் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அடிமரமாகத் தோன்றும் வளர்ச்சி. கோடையில் அடிமரம் சற்றுச் சுருங்கி மழையில் உப்பும். சுற்றளவை வைத்து வயது சொல்வது ஊகம் மட்டுமே. ஓரளவு நம்பத்தக்க வழி கார்பன் அளவீடுதான். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி அருகே கிந்தூரில், பாரிஜாதம் என்று வணங்கப்படும் பெருக்க மரத்துக்கு அந்த முறையில் ஏழெட்டு நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். ஆக, ஐரோப்பியர் வருமுன்பே இந்தியாவில் இந்த மரம் இருந்திருக்கிறது. ஆனால் கிந்தூரின் வயது கிந்தூருக்குத்தான் பொருந்தும். அதை எடுத்து நம் கரைக்குப் போர்த்த முடியாது.

முட்டுச்சந்திலிருந்து என்னை வெளியே இழுத்தது மரபணு. கேரன் பெல், ஹரிப்ரியா ரங்கன் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஆப்பிரிக்கா, இந்தியா, மொரீஷியஸ் முதலான மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களின் மரங்களை ஒப்பிட்டது. மேற்கு, மத்திய இந்தியாவின் மரங்கள் தனிக் கூட்டமாக நிற்கின்றன. மொத்தத்தில் இந்திய மரங்களுக்கு மிக நெருங்கிய உறவு மொம்பாசா, தாருஸ்ஸலாம் கரையோடு. அதாவது மத்திய இந்தியாவின் மாண்டு, மேற்கே குஜராத் பக்கத்துக்கு அரபிக்கடல் வணிகக் கதை ஓரளவு பொருந்திவருகிறது. ஆனால் தென்கிழக்கு இந்தியாவின் மரங்கள் மஸ்கரீன், மலேசிய மரங்களோடு சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் இதைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலனி வழியில் வந்த வரவாகக் காண்கிறார்கள். அராபியப் பாய்க்கப்பல் செனகலுக்குப் போனதில்லை. நம் கரை மரங்களுக்கு வேறு கப்பல் தேட வேண்டும்.

அந்தக் கப்பல் பிரெஞ்சுக் கம்பெனியுடையது என்பது என் வாதம். பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், நடுவழியில் மொரீஷியஸ், இந்தப் பக்கம் புதுச்சேரி மூன்றும் அந்த ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. இந்த மரத்தை ஐரோப்பிய அறிவியலுக்கு விரிவாக எழுதிக்காட்டிய மிஷேல் அதான்சோன் 1749இல் செனகல் போனதே அந்தக் கம்பெனியின் ஊழியராகத்தான். லின்னேயஸ் மரத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். செனகலின் கோரே தீவிலிருந்து அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் மொரீஷியஸ் வந்தன. 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிடித்த லபூர்தொனே மொரீஷியஸின் கவர்னர். அவருடைய படையில் ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காப்பிரிகள் என்ற பெயரில் ஆப்பிரிக்கர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். மரபணு காட்டும் மூன்று புள்ளிகளையும் இணைக்கும் கோடு வரலாற்றில் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலேயருக்கும் பங்குண்டு. செனகலை அவர்களும் இடையிடையே பிடித்து வைத்திருந்தார்கள். பினாங்கில் நிற்கும் பெருக்க மரம் 1871இல் கேப்டன் ஸ்பீடி நட்டது. ஆனால் தொடக்கம் பிரெஞ்சு வழி என்பதே எனக்குப் படுகிறது.

கடலே மிதக்கவிட்டுக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓடு கெட்டியான காய் மிதக்கும் என்பது உண்மை. குஜராத் கரையில் வலைக்கு மிதவையாகவே கட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கடல்வழிதான் போயிருக்க வேண்டும் என்பதும் இன்றைய கருத்து. ஆனால் அப்படிப் போனது அங்கே தனி இனமாகவே மாறிவிட்டது. இங்கே இருப்பதோ ஆப்பிரிக்காவில் உள்ள அதே இனம். அலை கொண்டுவந்திருந்தால் கரைநெடுகக் காடாக முளைத்திருக்கும். இந்தியாவில் இந்த மரம் நிற்பதோ கோட்டை, தர்கா, கோயில், பழைய துறைமுகம் என மனிதர் கூடிய இடங்களில். 'மரம் எவ்வளவு பருமன் பாருங்கள், முந்நூறு ஆண்டில் இவ்வளவு ஆகுமா' என்பது இன்னொரு மறுப்பு. இளமையில் இது வேகமாகப் பருக்கும் மரம். பருமனை முதுமை என்று எண்ணுவதுதான் 1477 போன்ற எண்களுக்கு இவ்வளவு எளிதாக இடம் கொடுக்கிறது.

கப்பலில் யார் கையில் விதை இருந்தது? கம்பெனித் தோட்டக்காரர்கள் தேடியது நறுமணப் பயிர்களும் சாயமும். பெருக்க மரத்தில் அவர்களுக்குக் காசு இல்லை. ஆனால் செனகல்காரருக்கு அது வீட்டுச் சாப்பாடு. இலையைக் குழம்பில் சேர்ப்பார்கள்; காய்க்குள் மாவாக உலர்ந்திருக்கும் புளிப்புச் சதை மாதக்கணக்கில் கெடாது, விதையும் அதற்குள்ளேயே இருக்கும். ஊரை விட்டுப் பிடுங்கப்பட்டவர்கள், சிப்பாயாக வந்தவர்கள் தின்று துப்பிய விதைக்கும், வேண்டுமென்றே ஊன்றிய விதைக்கும் இதில் இடம் இருக்கிறது. அதான்சோனின் பெயர் மரத்தில் ஏறிவிட்டது, அராபிய வணிகனின் பெயர் கதையில் ஏறிவிட்டது. அந்த ஆப்பிரிக்கர்களை இரண்டும் மறைக்கின்றன என்பதே என் ஆதங்கம்.

வள்ளூரில் இதை வளர்க்கலாமா என்று கேட்டால், முடியும் என்பேன். விதைத்தோலை உரசிவிட்டு ஊறப்போட வேண்டும். முதலில் வருவது ஒற்றை இலை. விரல் விரித்த கூட்டிலை பிறகே வருவதால், வேறு செடி என்று பிடுங்கிப் போட்டுவிடக் கூடாது. கடற்காற்றையும் வறட்சியையும் தாங்கும். தேங்கிய நீரில் வேர் அழுகிவிடும். கொசஸ்தலை ஆற்றுப் பக்கத் தாழ்நிலத்தில் கார்த்திகை வெள்ளம் நிற்காத மேட்டில்தான் நட வேண்டும். விதையை எந்த மரத்திலிருந்து எடுத்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும். மன்னார் மரங்களைப் பொறுத்தவரை ஒரு வேலை பாக்கி. 2015 ஆய்வு ஒப்பிட்ட இடங்களில் இலங்கை இல்லை. பள்ளிமுனை மரத்தின் ஓர் இலையை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் மொம்பாசாவா செனகலா என்பது தெரிந்துவிடும். மொம்பாசா என்று வந்தால் மன்னாருக்கு அராபியக் கதையை நானும் ஏற்பேன்.