மொட்டை மாடியில வியாழன்

மதுரை ராத்திரி வானத்துல பாதி நட்சத்திரத்தைத் தெருவிளக்கே முழுங்கிருது. ஆனா வியாழன் அதுக்கெல்லாம் அசராது.

பழைய 10×50 பைனாகுலரைத் தண்ணித் தொட்டி மேல வச்சு, போன் கேமராவை ஒட்டிப் பிடிச்சேன்.
ஒரே கோட்டுல புள்ளிப் புள்ளியா நிலாக்கள்!
எக்ஸ்போஷரை ஏத்துனாத்தான் அதுக தெரியும். ஏத்துனா வியாழன் வெறும் வெள்ளை உருண்டை.

1610-ல கலிலியோ பார்த்ததும் இதுகளத்தான். அதுல அயோங்கிற நிலா ஒரு சுத்து வர 42 மணி நேரம்தான், நாளைக்கே இடம் மாறிடும்.

பக்கத்து மாடி அக்கா, "தம்பி, யார் வீட்டை எட்டிப் பாக்குற?"
காட்டுனேன்.
"இந்தப் புள்ளிக்கா இம்புட்டு நேரம்?"
நியாயமாத்தான் கேக்குறாங்க.

அடுத்து அரிட்டாபட்டிப் பக்கம், இருட்டுல பார்க்கணும். கை நடுங்குது மக்களே, யார்கிட்டயாச்சும் சும்மா கிடக்குற ட்ரைபாட் இருக்கா?