ரயில் வராத ஸ்டேஷன்

லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை, மெழுகுப் பொம்மைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "அம்மா, இன்னிக்கு ரயிலே வராத ஸ்டேஷனுக்குப் போகலாமா?" என்றாள் மகள். 'இதென்ன கூத்து!' என்று கிளம்பினேன்.

ஆல்ட்விச் பாதாள ரயில் நிலையம். ஹோல்பர்னிலிருந்து பிரியும் குட்டிக் கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். 1907-ல் திறந்தார்கள். கூட்டம் குறைவு, பழைய லிஃப்டுகளை மாற்றச் செலவோ அதிகம். 1994-ல் மூடிவிட்டார்கள். போக்குவரத்து மியூசியத்தார் அவ்வப்போது, முன்பதிவு செய்தவர்களை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். சுழற்படிகளில்தான் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக் கொள்ளுங்கள்!

கீழே மங்கல் வெளிச்சம், வெறிச்சோடிய பிளாட்பாரம். 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, இங்கே ரயிலை நிறுத்திவிட்டு ஜனங்களைத் தங்க வைத்தார்களாம். சுரங்கத்தின் ஒரு பகுதியில் பிரிட்டிஷ் மியூசியத்தின் விலைமதிப்பில்லாத சிற்பங்கள். இந்தப் பக்கம் குழந்தை குட்டிகளோடு தாய்மார்கள். தண்டவாளப் பள்ளத்தில்கூடப் படுக்கை விரித்தார்களாம்.

"கைக்குழந்தைக்குப் பால் எப்படிம்மா காய்ச்சியிருப்பாங்க?" என்றாள் மகள்.

எனக்கும் அதே நினைப்புதான். நடுராத்திரி குழந்தை அழுதால் பக்கத்தில் படுத்திருப்பவர்களிடம் கூச்சம் வேறு. விடிந்து மேலே ஏறும்போது, வீடு இருக்குமோ, இருக்காதோ!

வீடு திரும்பியதும் அடுப்பைப் பற்ற வைத்துக் காபி போட்டேன். தினம் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் அது பெரிய பாக்கியமாகப் பட்டது, போங்கள்!