கடைசி ஆள்

ஒயிலாட்டம் பார்க்கிறவனுக்கு ஆட்டம், ஆடுகிறவனுக்கு வரிசை. பிறருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது.

இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்துக்குப் பக்கத்தில், ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரில்லாமல் கிடந்த மணலில், தீப்பெட்டி வேலை முடிந்த இரவுகளில் பழகினோம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் முன் ஆட வேண்டும். வாத்தியார் எங்களுக்கு எதிரே நின்றதேயில்லை. வரிசையின் தலையில், முதுகைக் காட்டியபடி, தானும் ஓர் ஆளாக நிற்பார். அடவுக்குப் பெயர் சொல்ல மாட்டார், எண்ண மாட்டார். அவர் ஓர் அடி பாட, நாங்கள் அதை வாங்கிப் பாடி முடிப்பதற்குள் கால் மாறியிருக்கும். எட்டாவது ஆளுக்கு அவர் கால் தெரியாது. முன்னால் நிற்பவனின் குதிகாலும் அவன் சலங்கையும்தான் பாடம். இப்படி ஆட்டம் ஆள் மாறி ஆள் வந்து சேரும்.

புதுப் பையன்கள் கடைசியில் நிற்பார்கள். பிறகு திருப்பம் வரும். வரிசை நின்ற இடத்திலேயே புறம் திரும்ப, கடைசி ஆள் முதல் ஆளாகிவிடுவான். வாத்தியார் எல்லாருக்கும் பின்னால், வெறும் குரலாக. எனக்கு அது பதினாலு வயதில் நேர்ந்தது. பார்த்துச் செய்ய முதுகு இல்லை, எதிரே மணல் மட்டும். தெரியுமா என்று யோசிக்க இடமில்லாமல் கால் போய்விட்டது. கற்றது எது என்று அன்று தெரிந்தது.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனங்களை ஜான் பிளேஃபோர்டு 1651இல் அச்சிட்டார். அந்த மரபில் கிளைத்து அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் வேர்கொண்ட கான்ட்ரா நடனத்திலும் எதிரெதிர் வரிசைகள்தான். அடுத்த அசைவை ஒருவர் குரல் கொடுத்துச் சொல்கிறார்; ஆட்டம் பிடிபட்டதும் அவர் மௌனமாகிவிடுகிறார். வரிசையின் முனையை எட்டிய ஜோடி ஒரு சுற்று ஒதுங்கி நின்று, எதிர்த்திசையில் மறுபடி நுழைகிறது. அங்கேயும் ஆசிரியனின் வேலை, தான் இல்லாமல் ஆக்கிக்கொள்வதுதான்.

இப்போது பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு ஏழு நிமிட ஒயிலாட்டம் கேட்கிறார்கள். பயிற்றுபவர் எதிரே நின்று, விசில் ஊதி, ஒன்று, இரண்டு, மூன்று என்கிறார். பிள்ளைகள் அவரையே பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பதில்லை. நான் சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளியில் திருப்பத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். விருந்தினருக்கு முதுகு காட்டுவது மரியாதையில்லையாம்.

பழசு போயிற்றே என்ற புலம்பல் அல்ல இது. எங்கள் பழைய வரிசையில் பெண்கள் இல்லை; எல்லாத் தெருக்காரர்களும் இல்லை. கோவை வட்டாரத்தில் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுத்தந்த பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வரிசை நீண்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை. விசில் இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது திருப்பத்தை மட்டும்.

உருவம் பற்றி நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டாயிற்று. உருவத்தை முன்னால் வைத்துப் பார்த்துச் செய்வதைத்தான் பெரும்பாலும் தேர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். முன்னால் எதுவும் இல்லாதபோது காலில் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கடைசியில் நிற்கும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவளைத் திரும்பவிட்டால் போதும்.