மூன்று வாடகை

மும்பையில் வீடு தேடும் தமிழ்க் குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி, “அங்கே வாடகை என்ன?” என்பது. அடுத்த கேள்வி முன்பணத்தைப் பற்றியது. அதற்கடுத்தது, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது. இக்கேள்விகள் யாவும் நியாயமானவையே. ஆயினும் இந்நகரில் குடியிருப்போர் செலுத்துவது ஒரு வாடகையன்று, மூன்று வாடகை என்பது நமது எண்ணம். முதல் வாடகை வீட்டுக்காரருக்கு ரூபாயாகப் போய்ச் சேருகிறது. இரண்டாவது, வண்டிக்கு நேரமாகப் போகிறது. மூன்றாவதை நம் உடல் கட்டுகிறது. முதலாவதைக் குறைக்கப் புகுந்தால் பெரும்பாலும் இரண்டாவது ஏறும். இரண்டாவது ஏறினால் மூன்றாவதும் உடன் ஏறும். இம்மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தாலன்றி எந்த வீடு மலிவானது என்று சொல்ல இயலாது.

இந்நகரம் இருப்புப் பாதையை ஒட்டி நீண்டு வளர்ந்த நகரம். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் நாட்டின் முதல் பயணி ரயில் ஓடிற்று. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே முதல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே, 1896-ல் பிளேக் நோய் வந்து நகரை உலுக்கியது. நெருக்கமான, காற்றில்லாத குடியிருப்புகளில் நோய் பெருகக் கண்ட அரசினர் 1898-ல் நகர் மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தனர். அந்த டிரஸ்ட் திட்டமிட்டு மனை பிரித்த பகுதிகளுள் ஒன்றுதான் நம்மவர் நன்கறிந்த மாதுங்கா. அங்கிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். தாராவியிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளருக்கு வீடும் தொழிலும் ஒரே தெருவில் இருந்தன. ஆகவே, உடல் நலத்தை நாடியே இந்நகர மக்கள் ஒரு காலத்தில் வடக்கு நோக்கி நகர்ந்தார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் என்று போய்க்கொண்டிருப்பது உடல் நலத்தை நாடியன்று; வாடகையை அஞ்சி. முனையத்திலிருந்து கல்யாண் 53 கிலோமீட்டர். சர்ச்கேட்டிலிருந்து விரார் 60 கிலோமீட்டர்.

சீட்டுக் கணக்கோடு பழகும் தொழில் நமக்கு வாய்த்திருப்பதால் இங்கே ஒன்றைச் சொல்லலாம். தொலைவில் குடியிருப்பவரை ரயில் கட்டணம் வருத்துவதில்லை. மாதச் சீட்டின் விலை, ஏறக்குறைய பதினைந்து முறை ஒருவழி செல்வதற்கான கட்டணமே. அதைக் கொண்டு மாதம் ஐம்பது முறையும் போய் வரலாம். 2014 ஜூனில் இதை உயர்த்த ஓர் ஏற்பாடு நடந்து, மக்களின் எதிர்ப்பைக் கண்டு பழைய முறையே நிலைத்தது. மூன்று மாதச் சீட்டாக வாங்குவோர் கொடுப்பது 2.7 மாதத் தொகை. ஓராண்டுச் சீட்டுக்குக் கொடுப்பது 10.8 மாதத் தொகை. ஓராண்டுச் சீட்டு வாங்குவோருக்கு ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தொகை மிச்சம் என்பதை அறிந்தும், மாதந்தோறும் வரிசையில் நிற்போர் நம்மவரில் பலர். அது நிற்க.

கட்டணம் குறைவு, ஆனால் காலக் கட்டணம் மிகுதி. வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரையில் ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டால், போகவர நாளொன்றுக்கு மூன்று மணி. மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வேலை என்றால் 75 மணி. ஆண்டுக்கு 900 மணி. இதை இருபத்து நான்கால் வகுத்தால் முப்பத்தேழரை நாள் வருகிறது. ஆண்டுதோறும் ஒரு மாதத்துக்கு மேல், இரவும் பகலுமாக, நாம் நெரிசலில் நின்றபடியே கழிக்கிறோம் என்பது இக்கணக்கின் பொருள். தொலைவில் குடிபோனதால் வாடகையில் மாதம் 6,000 ரூபாய் மிச்சம் என்று கொள்வோம். 75 மணிக்கு 6,000 என்றால் மணிக்கு 80 ரூபாய். கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குச் செல்பவராயின் செலவாகும் நேரம் 150 மணி. அப்போது மணிக்குக் கிடைப்பது 40 ரூபாயே. நம் வாழ்நாளின் ஒரு மணியை நாற்பது ரூபாய்க்கு விற்கச் சம்மதமா என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாம் வாடகையில் பெரும் பங்கைக் கொடுப்பவர் பெண்களே. 1992-ல் மகளிருக்கென்றே முழு வண்டி ஒன்று மேற்கு ரயில்வேயில் விடப்பட்டது. அதன் பின் வசதிகள் சிறிது கூடியிருக்கின்றன என்பது மெய். ஆயினும் மாலை வண்டியின் மகளிர் பெட்டியில் இன்றும் காணும் காட்சி யாது? இடம் கிடைத்த பெண், மடியில் காகிதத்தை விரித்து இரவுச் சமையலுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டு வருகிறாள். அதைக் கண்டு சாமர்த்தியம் என்று நாம் புகழ்கிறோம். சாமர்த்தியந்தான், ஆனால் அவளுக்கு வீட்டில் அரைமணி நேரங்கூட மிஞ்சவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. நிலையங்களில் கழிப்பிடத்துக்குப் போக அஞ்சி, காலை முதல் மாலை வரை தண்ணீரே அருந்தாமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அவர்களுக்கு வருவது விதியால் அன்று, வண்டி நேரத்தால்.

இனி மூன்றாம் வாடகை. இதில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று. தெரிவது தண்டவாள மரணம். மும்பைப் புறநகர்ப் பாதைகளில் 2023, 2024 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்ததும், ஓடும் வண்டியிலிருந்து விழுந்ததுமே அவற்றுக்கு முக்கியக் காரணங்கள். 2025 ஜூன் 9 அன்று காலை மும்பிரா அருகே, நெரிசல் வண்டிகளின் வாயிலில் நின்று சென்றோர் தண்டவாளத்தில் விழுந்து சிலர் மாண்டதை நாடே அறியும். வாயிலில் தொங்குவோரையே குறை சொல்லி முடித்துவிடுவது அறமாகாது. உள்ளே இடமிருந்தால் எவரும் வெளியே தொங்கார். வண்டிகளைக் கூட்டுவதும், கதவு தானே மூடும் பெட்டிகளை ஓட்டுவதும் அரசினர் கடமை. ஆயினும் மேம்பாலம் இருக்கத் தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பதற்கு எந்த நெரிசலையும் காரணமாகக் காட்ட இயலாது. அவ்வாறு கடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். தண்டனை கிடக்கட்டும். அடுத்த வண்டி நான்கு நிமிடத்தில் வரும் நகரில், அந்த நான்கு நிமிடத்துக்காகக் குடும்பத்தின் ஒரே சம்பாத்தியத்தைப் பணயம் வைப்பது எவ்வகைச் சிக்கனம்?

கண்ணுக்குத் தெரியாத பகுதி இதனினும் பெரிது. காலை ஆறு மணிக்கு வெறும் காப்பி, பதினொரு மணிக்கு நிலைய வாசலில் வடாபாவ், இரவு பத்து மணிக்கு வயிறு நிறையச் சோறு, உடனே உறக்கம். இவ்வழக்கத்தில் பத்தாண்டு கழிந்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அழையாமலே வந்து குடியேறுகின்றன. மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கிய பின், எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் பரவும் காய்ச்சல் பலரைப் பற்றியது. காலில் புண்ணுடன் தேங்கிய நீரில் நடந்தவர் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைக் கண்டு தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிவது நலம். நெரிசலில் பரவும் காசநோயும் அஞ்சி மறைக்க வேண்டியதன்று. அரசு மருத்துவமனைகளில் அதற்கு மருந்து இலவசம். சாதாரணக் காசம் ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்டால் குணமாகும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் நம்மவரைக் கெடுக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. “மே மாதம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பதே அது. ஊர் மருத்துவரிடம் நம்பிக்கை, மொழித் தொல்லை இல்லை, உறவினர் துணை உண்டு, செலவும் குறைவு. காரணங்கள் யாவும் சரிதான். ஆனால் நோய்க்கு மே மாதம் எது, ஜனவரி மாதம் எது? நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், பத்லாபூரிலிருந்து நாள்தோறும் பைகுலாவுக்கு வேலைக்கு வருபவர். டிசம்பரில் அவர் கால் விரலில் செருப்பு உராய்ந்து சிறு புண் ஆயிற்று. சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையும் என்று துணி சுற்றிக்கொண்டே வந்தார். ஊருக்குப் போகச் சீட்டு எடுத்தாயிற்று. அங்கே போய்க் காட்டலாம் என்றார். மார்ச்சில் விரலையே எடுக்க நேர்ந்தது. தொலைவில் குடியிருந்து ஆறாண்டுகளாக அவர் மிச்சப்படுத்திய வாடகையில் பெரும்பகுதி அந்த ஒரு மாதத்தில் போயிற்று. தொடக்கத்திலேயே ஒரு சோதனை செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவு, ஒரு வாரத்துக் காய்கறிச் செலவுக்கு மேல் இராது.

பணத்தைப் பற்றியும் நமது கருத்தை ஒளியாமல் சொல்லிவிடுகிறோம். ஊரில் நான்கு அறையில் வீடு கட்டி, பூட்டி, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, இங்கே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஐந்து பேர் படுத்துறங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. கோவில் கொடைக்கு வரி கட்டத் தவறுவதில்லை. தங்கை மகள் சடங்குக்குச் சீர் தவறுவதில்லை. இவை நம் வேர்கள். இவற்றை வெட்டச் சொல்லவில்லை. ஆனால் நோய்க்கென்று மூன்று மாதச் செலவுத் தொகையைத் தனியே வைத்த பின்னரே பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் மாடி எழுப்ப வேண்டும் என்பது நம் துணிபு.

மற்றொன்று, அட்டை விஷயம். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவத் திட்டத்தை, குடும்ப அட்டையுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை விரிப்பதென 2023-ல் முடிவாயிற்று. ஆனால் அதற்கு இம்மாநிலக் குடும்ப அட்டையோ, இருப்பிடச் சான்றோ வேண்டும். முப்பது ஆண்டு இங்கே உழைத்தும், அட்டையை மட்டும் ஊரிலே வைத்திருப்பவர் இங்கே நோயுறும்போது இதை இழக்கிறார். ஊர் அட்டையில் பெயர் நீக்கி இங்கே சேர்ப்பதா, வேண்டாமா என்பதை அவரவர் நிலைக்கேற்ப முடிவு செய்யலாம். முடிவு செய்யாமலே இருப்பதுதான் கூடாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும் பதிவு செய்யப்படுவதும் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி கட்டாயம். பதிவான அந்தக் காகிதம் முகவரிச் சான்றுக்கும் உதவும். பதினொரு மாதந்தானே என்று வாய்ச்சொல்லில் குடியேறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொலைவில் குடியிருப்பதே பிழை என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. வேலை தாணாவிலோ கல்யாணிலோ இருப்பவருக்கு அப்பக்கமே தகும். பிள்ளைகளுக்கு ஓடியாட இடமும், முதியோருக்கு வெளிச்சமும் காற்றும் அங்கே கிடைக்குமாயின் அதுவும் ஒரு வருவாயே. ஆயின் வீடு பார்க்கப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் போய் முன்பணம் கொடுத்துவிடலாகாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்நிலையத்தின் நடைமேடையில் நின்று, தாம் ஏற வேண்டிய வண்டியில் ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் நெஞ்சுவலி வந்தால் போவதற்கு மருத்துவமனை எத்தனை தூரம் என்றும் விசாரிக்க வேண்டும். குடும்பத்தில் முதலில் வீட்டை விட்டுப் புறப்படுபவர் யாரோ, அவருடைய வேலையிடத்தை நடுவாக வைத்தே வீட்டைத் தேட வேண்டும்.

நம் சங்கம் பொங்கலுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் விழா எடுத்து வருவது போற்றத்தக்கது. அதோடு ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை, மழைக்காலம் தொடங்குமுன், முப்பது வயது கடந்த அங்கத்தினர் அனைவருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதற்கும், குடும்ப அட்டை விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பதற்கும் ஒதுக்கினால் பெரும் நன்மை விளையும். விண்ணப்பங்களை எழுதும் வேலையை நம் போன்ற எழுத்தர்கள் ஏற்றுக்கொள்ளலாம். மருத்துவத் தொழிலில் இருக்கும் அன்பர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, நாள் குறித்து, இந்த ஏட்டிலேயே அறிவிப்பார்களாக.